தடுப்பூசி அறைக்கு வெளியே நிற்கும் தாய்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் குழந்தைகளின் தடுப்பூசி பற்றியவை எப்போதும் இருக்கும். அவற்றைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தடுப்பூசியே வேண்டாம் என்று எழுதும் தாய் மிக அரிது. போடலாமா வேண்டாமா என்று கேட்பவர்கூடக் குறைவு. 'போடத்தான் போகிறேன், ஆனால்' என்று தொடங்கும் கடிதங்களே மிகுதி. அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின் வருபவற்றில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே பொருளுடைய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியை. பெரியம்மை ஒழிந்த வரலாற்றை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் என் ஆறு வாரக் குழந்தையை ஊசிக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய நாளை, ஏதேதோ காரணம் சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். படித்தவளுக்கு இந்தப் பயம் எதற்கு என்று கணவர் கேலி செய்கிறார். என்னிடம் என்ன கோளாறு?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. நம் கையால் செய்த ஒன்றினால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் அது நம் குற்றம் என்றும், நாம் எதையும் செய்யாமல் இருந்து நோய் வந்து தீங்கு நேர்ந்தால் அது விதி என்றும் மனம் இரண்டு கணக்கு எழுதுகிறது. முதல் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பெருந்தொகையாகத் தெரியும். இரண்டாம் கணக்கில் ஓராயிரம் போனாலும் கண்ணில் படாது. நலமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஊசிக்குக் காலை நீட்டிப் பிடிக்க வேண்டியவர் பெரும்பாலும் தாய்தான் என்பதால், இந்தக் கணக்கின் பாரம் அவர் தலையில் விழுகிறது. கேலி செய்யும் கணவர் அடுத்த முறை குழந்தையைத் தாமே மடியில் வைத்துப் பிடிக்கட்டும். அப்போது அவருக்கும் இது விளங்கும்.

இந்தத் தயக்கம் தடுப்பூசியைவிடப் பழையது. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழை எடுத்து நலமான ஒருவரின் தோலில் கீறி வைக்கும் பழைய முறை வழக்கில் இருந்த காலத்தில், அதனால் 100 பேரில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள். இயல்பாகப் பெரியம்மை கண்டவர்களிலோ 20 முதல் 30 பேர்வரை இறந்தார்கள். அமெரிக்க அரசியலாளரும் அச்சகருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இந்த முறையை ஆதரித்துத் தம் செய்தித்தாளில் எழுதியவர். ஆயினும் தம் நான்கு வயது மகன் பிரான்சிசுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். 1736இல் அந்தச் சிறுவன் பெரியம்மையில் இறந்துபோனான். பல ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதுகையில், எந்தப் பக்கம் தவறினாலும் பெற்றோரின் வருத்தம் ஒன்றுதான், ஆகவே ஆபத்து குறைந்த பக்கத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற பொருள்பட அவர் குறிப்பிட்டார். எதிர்ப்பவர் அல்லர், அறியாதவரும் அல்லர். உங்களைப் போலத் தள்ளிப்போட்டவர். அவ்வளவுதான்.

அதே நூற்றாண்டில் வேறொரு பெற்றோரும் இருந்தார். பெரியம்மைக்குத் தம் சகோதரனைப் பறிகொடுத்து, 1715இல் தாமும் அந்நோய் கண்டு முகம் முழுவதும் வடுப்பட்ட மேரி வொர்ட்லி மான்டேகு என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கணவர் தூதராக இருந்த கான்ஸ்டான்டிநோபிளில் 1718இல் தம் மகனுக்கும், லண்டன் திரும்பியபின் 1721இல் தம் மகளுக்கும் அந்த முறையைச் செய்வித்தார். நோயின் முகத்தை அவர் கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு அந்தக் கண்ணாடி இல்லை என்பதுதான் வேறுபாடு. ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு தொடங்கிவைத்த தடுப்பூசி வேலை 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதோடு நிறைவுற்றது. நோய் கண்ணில் படாமல் போனதும், கண்ணில் படுவது ஊசி ஒன்றே என்றாகிவிட்டது. இந்த வாரமே போங்கள். பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான தாய்மாருக்கு முதல் தவணை முடிந்த பிறகே அது குறைகிறது.

கேள்வி: குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கிறேன். வெளியாட்கள் அதிகம் வருவதில்லை. இப்படி வளரும் குழந்தைக்கு இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?

பதில்: நீங்கள் செய்வன எல்லாம் நல்லவை, அவற்றை விடாதீர்கள். ஆனால் அவை செய்யும் வேலை வேறு. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் குடலிலும் தொண்டையின் உட்பரப்பிலும் நின்று காவல் புரிகின்றன; வயிற்றுப்போக்கையும் சில சளித் தொல்லைகளையும் அவை குறைப்பது உண்மை. கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த எதிர்ப்பொருள்கள் தனி. அவை கடன் வாங்கிய பணம் போலச் சில மாதங்களில் கரைந்துவிடும். கக்குவான் இருமலைப் பொறுத்தவரை அந்தக் கடனும் மிகச் சிறியது. அதனால்தான் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்கே அந்தத் தடுப்பூசியைப் போட்டு, எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போகும்படி செய்யும் வழக்கம் பல நாடுகளில் ஏற்பட்டிருக்கிறது.

தூய்மையைப் பற்றி. ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமி மண்ணில் வாழ்கிறது. உலகத்தில் மற்ற எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கொண்டாலும் காயம்பட்ட உங்கள் குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தட்டம்மையோ காற்றில் வருகிறது. நோயுற்றவர் ஓர் அறையைவிட்டுப் போய் இரண்டு மணி நேரம்வரை அங்குள்ள காற்றில் வைரஸ் உயிர்ப்போடு இருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் இல்லாதோர் நடுவில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுத்துவிடுவார். தரையை எவ்வளவு துடைத்தாலும் இது தடுபடாது. ஊரில் 100க்கு 95 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அது பரவ வழியின்றி நிற்கும் என்று கணக்கிட்டிருப்பதும் இதனால்தான்.

'இல்லாத நோய்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானில் 1974இல் கக்குவான் இருமல் கண்டவர்கள் ஏறத்தாழ 400 பேர்; ஒருவரும் இறக்கவில்லை. ஊசி போட்டபின் இரு குழந்தைகள் இறந்ததாக எழுந்த அச்சத்தால் அடுத்த ஆண்டில் தடுப்பூசி நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கியபோதும் பெற்றோர் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. 1979இல் 13,000க்கு மேற்பட்டோருக்கு நோய் வந்து 41 பேர் இறந்தனர். நோய் அங்கே இல்லாமல் போயிருக்கவில்லை, வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கேள்வி: முதல் தவணை போட்ட இரவு குழந்தைக்குக் கடும் காய்ச்சல். ஊசி போட்ட தொடை வீங்கிக் கட்டியாகிவிட்டது. விடியவிடிய அழுதான். இப்படி ஆகும் என்று ஊசி போட்டவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பின் அடுத்த தவணைக்கு நான் போகவில்லை. நான்கு மாதம் கடந்துவிட்டது. இனிப் போனால் திட்டுவார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும், இதே கதை எனக்கு எத்தனையோ கையெழுத்துகளில் வந்திருக்கிறது. முதல் தவணைக்கு வந்து அடுத்தவற்றுக்கு வராமல் நின்றுவிடும் தாய்மார் தடுப்பூசியின் மேல் நம்பிக்கை இழந்தவர்கள் என்று வெளியில் இருப்போர் எண்ணுகிறார்கள். நம்பிக்கை இழந்தது ஊசியின் மேல் அன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அனுப்பிய மனிதர்களின் மேல். ஊசி போட்ட அன்றே 'இன்றிரவு காய்ச்சல் வரலாம், நாளை மறுநாள் போய்விடும்' என்று கேட்ட தாய்க்கு அந்தக் காய்ச்சல் எதிர்பார்த்த விருந்தாளி. கேட்காத தாய்க்கு அது நள்ளிரவில் கதவைத் தட்டும் அந்நியன்.

நானும் இதில் குற்றவாளிதான். பணியில் சேர்ந்த புதிதில், தவணை தவறி வந்த ஒரு தாயைக் காத்திருந்தோர் அனைவருக்கும் கேட்கும்படி கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கிக்கொண்டு போனார், பிறகு வரவேயில்லை. அன்று எனக்கு அது கடமையாகத் தோன்றியது.

அப்போது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றை இப்போதாவது சொல்கிறேன். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றுக்கான கூட்டு ஊசிக்குப் பின் காய்ச்சலும் ஊசி இட்ட இடத்தில் வீக்கமும் வலியும் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தொடங்கி இரண்டு மூன்று நாளில் அடங்கும். அங்கே சிறு கட்டி சில வாரங்கள் தங்கியிருந்தாலும் தானே கரையும், அதைத் தேய்க்கவோ அழுத்தவோ வேண்டாம். தட்டம்மைத் தடுப்பூசியின் காய்ச்சல் உடனே வராது. ஐந்து முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் வரும், சில குழந்தைகளுக்கு இலேசான தடிப்புகளும் தோன்றும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் சில வாரங்கள் கழித்துச் சிவந்து கொப்புளமாகிச் சீழ் வைத்துப் பிறகு தழும்பாவது இயல்பு. பிதுக்கவோ மருந்து தடவவோ கூடாது. காய்ச்சல் வந்தபின் எடைக்குத் தக்க அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் ஒழிய, காய்ச்சல் வருமுன்பே கொடுத்துவைக்க வேண்டாம்.

இவற்றுக்கு அப்பால் கவனிக்க வேண்டியவையும் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது ஊசியால்தான் என்று நாமே முடிவுகட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தேற்ற முடியாத அழுகை, வலிப்பு, குழந்தை துவண்டு வெளிறிப்போதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏறத்தாழ பத்து லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் நிகழ்கிறது. அது வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும் என்பதால்தான் ஊசிக்குப் பின் அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். அதைக் காரணம் சொல்லாமல் வெறும் உத்தரவாகச் சொல்வதால், பலர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு வந்தது இயல்பான விளைவுகளே என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. விட்ட தவணையை இப்போதும் போடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அன்றிரவு என்ன நடந்தது என்பதை ஊசி போடுவதற்கு முன் சொல்லுங்கள். அவர்கள் திட்டினால், 'சென்ற முறை என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லவில்லை' என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குப் பின் வரும் இருபது தாய்மாருக்கு உதவும்.

கேள்வி: தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்று கைப்பேசியில் திரும்பத் திரும்ப வருகிறது. பொய் என்றும் படித்தேன். இருந்தும் மனம் ஒப்பவில்லை.

பதில்: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசத் தொடங்கியது 1998இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் வெளியான கட்டுரை. அதில் இடம்பெற்ற குழந்தைகள் 12 பேர் மட்டுமே. தரவுகள் நேர்மையற்ற முறையில் கையாளப்பட்டது வெளிவந்தபின் 2010இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது; முதன்மை ஆசிரியரான ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் அதே ஆண்டில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் பிறந்த 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசம் வரும் வாய்ப்பில் வேறுபாடு காணப்படவில்லை. ஆட்டிசமுள்ள உடன்பிறப்பு இருக்கும் குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் அப்படியே.

இவ்வளவு படித்தும் மனம் ஒப்பாதது வியப்பன்று. அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தத் தொடர்பு பொய் என்ற விளக்கத்தைப் படித்தவர்கள் அது பொய் என்று ஏற்றுக்கொண்டார்கள்; ஆனால் அவர்களுள் முன்பே தடுப்பூசியில் மனக்குறை மிகுந்திருந்தோர், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் எண்ணத்தில் முன்னைவிடப் பின்வாங்கினார்கள். நோயுற்ற குழந்தைகளின் படங்களைக் காட்டி அச்சுறுத்தியதும் பயன் தரவில்லை. ஒரு பயத்தைத் தட்டிப் பறித்தால் கை சும்மா இருப்பதில்லை, வேறொன்றைப் பற்றிக்கொள்கிறது.

ஆகவே மறுப்பை இன்னும் உரக்கச் சொல்வதைவிட, அந்தப் பயம் எங்கிருந்து முளைக்கிறது என்பதைச் சொல்கிறேன். கூட்டு ஊசியின் முதல் தவணை ஒரு வயதை ஒட்டிப் போடப்படுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் பார்க்காமை, வந்த ஓரிரு சொற்களும் நின்றுபோதல் ஆகிய ஆட்டிச அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்தான். முன்னது நடந்து பின்னது தெரிந்தால், தன் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தவிக்கும் தாய் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பதுதான் கடினம். அவரை மூடர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிச்சு அவருக்கே கொடுமை செய்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாயின் அன்பின்மையால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவத் துறையினரே எழுதினார்கள். அது பொய் என்று நிலைநாட்ட ஒரு தலைமுறை ஆயிற்று. இப்போது 'நீ ஊசி போட்டதால்தான்' என்று அதே தாயின் மேல் அதே பழி வேறு உடையில் வருகிறது. ஆட்டிசமுள்ள குழந்தையை வளர்க்கும் தாய் ஒருவராவது இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அவருக்குச் சொல்கிறேன்: நீங்கள் அன்று செய்தது எதுவும் இதற்குக் காரணம் அன்று.

கேள்வி: நான் ஒரு சுகாதாரச் செவிலியர். எந்த ஊசி எந்த நோய்க்கு என்று ஒன்றுகூடச் சொல்லத் தெரியாத தாய்மார் நாள் தவறாமல் வருகிறார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு விழிப்புணர்வு என்று நாங்கள் பேசிப்பேசி என்ன பயன்?

பதில்: உங்கள் கண்ணுக்குப் பட்டது சரி, அதிலிருந்து நீங்கள் செல்லும் முடிவு பாதிதான் சரி. தாயின் கல்வி கூடக்கூடக் குழந்தைகளின் தடுப்பூசியும் கூடுகிறது என்பதே பெரும்பாலான நாடுகளில் பொதுவாகக் காணப்படுவது. ஆனால் அறிவு, மனப்பாங்கு, செயல் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள் அல்ல. நோய்களின் பெயரை ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் போடும் வினாத்தாள்களில் குறைந்த எண் பெறும் தாய், அட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து, அடுத்த தேதியை மனத்தில் குறித்திருப்பார். அவருக்குத் தெரியாதது பெயர், தெரிந்திருப்பது தேவை. கேள்வி கேட்கும் தாயையும் எதிர்ப்பவர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். கேட்பவர் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். கேட்காமலே போய்விடுபவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

வராமல் இருப்பதற்கு எல்லா இடத்திலும் மனம் காரணமன்று. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஒன்றும் செய்யாத ஊர்களில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு. மாதந்தோறும் சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18 விழுக்காடு. அத்தகைய முகாமோடு, வரும் தாய்க்குச் சிறு அன்பளிப்பும் கொடுத்த ஊர்களில் 39 விழுக்காடு. தடுப்பூசிக்கு உண்மையிலேயே பகையான மனத்தைச் சிறு அன்பளிப்பு மாற்றிவிடாது. அங்கே இருந்தது பகையன்று. வெயிலில் நடந்துபோய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவமும், இன்றைய கூலியை விட்டுப் போக முடியாத நிலையும்தான். உலக சுகாதார அமைப்பு 2019இல் தடுப்பூசித் தயக்கத்தை உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாக அறிவித்தபோது, அதற்கு அடிப்படையாக அது சுட்டியவை மெத்தனம், நம்பிக்கைக் குறைவு ஆகியவற்றோடு எளிதில் கிடைக்காமையும் என மூன்று. நாம் முதல் இரண்டையும் பற்றிப் பேசும் அளவுக்கு மூன்றாவதைப் பற்றிப் பேசுவதில்லை. அது தாயின் பொறுப்பில் இல்லாமல் நம் பொறுப்பில் இருப்பதாலோ என்னவோ.

பேசும் முறைக்கு வருகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் பெற்றோரும் பேசிய 111 உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். 'இன்று இந்த ஊசிகள் போட வேண்டும்' என்று இயல்பாகத் தொடங்கிய இடங்களில் பெற்றோர் பெரும்பாலும் உடன்பட்டார்கள். 'ஊசி விஷயத்தில் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்' என்று தொடங்கிய இடங்களில் பெரும்பாலும் தயங்கினார்கள். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது வேறொன்று. தயங்கிய பெற்றோரிடம் மருத்துவர் பேச்சைக் கைவிடாமல் தம் பரிந்துரையில் நின்றபோது, ஏறத்தாழ பாதிப்பேர் உடன்பட்டுவிட்டார்கள். கைவிடாமல் இருப்பது வேறு, கடிந்துகொள்வது வேறு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு தீவு நாட்டில் ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் அதே நாளில் இறந்துபோனார்கள் என்ற செய்தியைக் கணவர் காட்டி, நம் குழந்தைக்கு வேண்டாம் என்கிறார். அந்தச் செய்தி பொய்யா?

பதில்: பொய்யன்று. அதைப் பொய் என்று உங்கள் கணவரிடம் சொன்னால், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். 2018 ஜூலையில் சமோவா நாட்டில் அது நடந்தது. தட்டம்மைக் கூட்டுத் தடுப்பூசி பொடியாக வரும். அதற்குரிய நீரில் கலந்துதான் போட வேண்டும். செவிலியர்கள் அந்த நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத்தளர்த்தி மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். இரு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தனர். செவிலியர் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றனர்.

கணவர் காட்டிய செய்தி இங்கே முடிந்திருக்கும். கதை இங்கே முடியவில்லை. அரசு தடுப்பூசித் திட்டத்தைப் பல மாதங்கள் நிறுத்திவைத்தது; மீண்டும் தொடங்கியபோது பெற்றோர் வரவில்லை; தட்டம்மைத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் அளவு ஏறத்தாழ 31 விழுக்காடாகச் சரிந்தது. 2019இன் பிற்பகுதியில் தட்டம்மை அந்நாட்டுக்குள் புகுந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்களே வாழும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது; 83 பேர் இறந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் அரசு இரண்டு நாள் நாட்டையே மூடி, தடுப்பூசி போடாதவர் உள்ள வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. ஊசிக் குழுவினர் அந்தத் துணிகளைப் பார்த்து வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். இரண்டு மரணங்களுக்குப் பின் நடந்தவை அனைத்தையும் கணவரிடம் சொல்லுங்கள். அந்தத் தவறு தடுப்பூசியில் இல்லை, கலந்த கையில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். அதுபோன்ற தவறு நேராதிருக்க, மருந்துப்புட்டியின் பெயரையும் காலாவதித் தேதியையும் காட்டும்படி ஊசி போடுபவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல செவிலியர் எவரும் அதற்குக் கோபப்பட மாட்டார். கணவரையும் உடன் அழைத்துப் போய், அவரையே அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் மூன்று ஊசி போட்டால் சின்ன உடம்பு தாங்குமா?

பதில்: தாங்கும். ஊசிகளைப் பிரித்துப் போட்டால் குழந்தை பாதுகாப்பின்றி இருக்கும் நாட்கள்தான் கூடும், அழும் நாட்களும் கூடும்.

கேள்வி: சளி பிடித்திருக்கும்போது ஊசி போடலாமா?

பதில்: இலேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் தடையன்று. கடும் காய்ச்சலோடு குழந்தை சோர்ந்திருந்தால் மட்டும் தணிந்தபின் போடலாம். எப்போது வரவேண்டும் என்ற தேதியை வாங்கிக்கொண்டே வீடு திரும்புங்கள். பிராங்க்ளினின் மகனுக்கும் வயிற்றுப்போக்குதான் இருந்தது.

கேள்வி: எனக்கு வயது அறுபத்திரண்டு. பேரக்குழந்தை அழுவதைப் பார்க்கமுடியாது என்று என் மகள் வெளியே நின்றுகொண்டு என்னை உள்ளே அனுப்புகிறாள். அவளைக் கட்டாயப்படுத்தலாமா?

பதில்: கட்டாயப்படுத்த வேண்டாம் அம்மா, காரணத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஊசி போடுவதற்குச் சற்றுமுன் தொடங்கி, போடும்போதும் போட்ட பிறகும் குழந்தை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலியும் அழுகையும் தெளிவாகக் குறைகின்றன. அதை உங்களால் செய்ய முடியாது, உங்கள் மகளால்தான் முடியும். குழந்தையை மேசையில் மல்லாத்தி அழுத்திப் பிடிக்காமல், மடியில் நிமிர்த்தி மார்போடு சேர்த்து அணைத்திருந்தால் போதும். பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். சொட்டு மருந்து இருந்தால் அது முதலில். உங்கள் மகள் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை, குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அட்டையை நீங்கள் வைத்துக்கொண்டு, அடுத்த தேதியை எழுதி வாங்குங்கள்.